சங்கப் பொறுப்பிலிருந்து சோலார், காற்றாலைத் துறைக்கு: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தொழிற்சங்க நிர்வாகிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டில் செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர் என்று பல வருடம் இருந்தவர்களுக்கு இப்போது சோலார் கம்பெனிகளிலிருந்து அழைப்பு வருகிறது. டீசல், பெட்ரோல் இன்ஜின் பாகங்களை நம்பியிருக்கும் தொழிற்சாலைகளில் நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலை ஒரு பக்கம். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும் பேட்டரி செல்லும் தயாராவதும், சிப்காட் கூரைகளில் வரிசையாக பேனல் ஏறுவதும் இன்னொரு பக்கம். போகலாமா, போனால் எப்படிப் போவது என்பதற்கான பதில்கள் இவை.

சங்கத் தலைவரை இந்தத் துறையில் எந்த வேலைக்கு எடுப்பார்கள்?

நான்கு வேலைகளுக்கு உண்மையான தேவை இருக்கிறது. பாதுகாப்பு, தொழிலாளர் உறவு, பயிற்சி, பராமரிப்பு மேற்பார்வை. எங்களைக் கேட்டால் முதலில் பாதுகாப்பு, அடுத்து பயிற்சி. ஆலையின் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து, விபத்து நடந்த இடத்தை நேரில் பார்த்து, அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியதை எதிர்த்துப் பேசியவருக்கு, விபத்து எப்படி நடக்கிறது என்பது பாடப்புத்தகம் படித்தவரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவு அப்படியே இங்கே செல்லும்.

இன்னும் இரண்டு வேலைகளுக்கும் கூப்பிடுவார்கள். ஒன்று, நிலம் வாங்கித் தருவது. மற்றொன்று, ஆள் பிடித்துத் தருவது. இரண்டிலும் அவர்கள் விலை பேசுவது உங்கள் திறமைக்கு இல்லை. ஊருக்குள் உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்புக்கு. அது ஒருமுறை செலவானால் திரும்ப வராது. சம்பளம் இரண்டு மடங்கு என்றாலும் வேண்டாம்.

நம்ம மாவட்டத்திலேயே வேலை கிடைக்குமா?

சோலார் என்றால் ஓரளவு கிடைக்கும். தொழிற்சாலைக் கூரைகள், கல்லூரிகள், வீடுகள், தரையில் அமைக்கும் சிறு நிலையங்கள் இங்கேயே இருக்கின்றன. காற்றாலை என்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும்: உடுமலை, பல்லடம் பக்கம், கம்பம் கணவாய், தென்காசி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி. பேனல் தயாரிக்கும் பெரிய ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்திலும் திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் உள்ளன.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சோலார் நிலையம் கட்டும்போதுதான் கூட்டமாக ஆள் தேவை. ஓடத் தொடங்கிய பிறகு விரல்விட்டு எண்ணும் ஆள்களே போதும். அதனால் "ப்ராஜெக்ட்" வேலைக்கு எடுக்கிறார்களா, "பராமரிப்பு" வேலைக்கு எடுக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். ப்ராஜெக்ட் என்றால் சைட் முடிந்ததும் அடுத்த சைட் எந்த மாநிலம் என்பது உங்கள் கையில் இல்லை.

சங்கப் பொறுப்பை எப்படி விடுவது? திடீரென்று போனால் பிரச்சினை வருமா?

வரும். பேச்சுவார்த்தை நடக்கும்போது எழுந்து போகாதீர்கள். கோரிக்கைப் பட்டியல் கொடுத்து, நிர்வாகத்தோடு பாதி பேசிய நிலையில் செயலாளர் வேறு வேலைக்குப் போனால், விலைபோய்விட்டார் என்ற பேச்சை யாராலும் தடுக்க முடியாது. சம்பள ஒப்பந்தம் கையெழுத்தான பிறகோ, பேச்சு தொடங்கும் முன்போ போங்கள்.

வேலை உறுதியானதும் முதலில் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் ராஜினாமா. அது மினிட் புத்தகத்தில் பதிவாக வேண்டும். புது நிர்வாகி தேர்வான தீர்மானத்தின் நகல் தொழிற்சங்கப் பதிவாளருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் வங்கிக்கும் போக வேண்டும். வங்கியைத்தான் பலரும் மறக்கிறார்கள். செக்கில் கையெழுத்து அதிகாரம் உங்கள் பெயரிலேயே இருந்தால் சங்கம் வக்கீல் பீஸ் கட்டக்கூட முடியாமல் நிற்கும். நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள்.

ஒப்படைக்க வேண்டியவை: உறுப்பினர் பதிவேடு, சந்தா ரசீது அடிக்கட்டைகள், ரொக்கப் புத்தகம், பாஸ் புத்தகம், 12(3), 18(1) ஒப்பந்தங்களின் (தொழில் தகராறு சட்டத்தின் அந்தப் பிரிவுகளின் கீழ் நிர்வாகத்தோடு போட்டவை) அசல், ஒவ்வொரு வழக்கின் கட்டு, அடுத்த வாய்தா தேதி. இரண்டு பிரதியில் பட்டியல் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து பெற்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கும் உறுப்பினர் பட்டியலையும் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். அது சங்கத்தின் சொத்து.

இன்னொன்று, ஜாமீன். ஆலையின் கூட்டுறவு சிக்கன நாணய சங்கத்தில் எத்தனை பேருக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். தலைவர் என்பதால் கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நீங்கள் வேலையை விடும்போது அந்தக் கடன்களுக்கு மாற்று ஜாமீன் கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள்.

என் மேல் டிஸ்மிஸ் வழக்கு நடக்கிறது. வேறு வேலையில் சேரலாமா?

சேரலாம், வழக்கு அதனால் விழாது. ஆனால் வேறு வேலையில் சம்பளம் வாங்கிய காலத்துக்கான பின்சம்பளம் குறையும் அல்லது போகும். லேபர் கோர்ட்டில் ஜெயித்து, நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், 1947 தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்டிருப்பீர்கள். வேறு எங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துத்தான் அது கிடைக்கிறது. சேர்ந்த அன்றே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பி.எஃப். கணக்கில் புது முதலாளியின் பெயர் ஏறும், அது எதிர்த்தரப்புக்குத் தெரிய வரலாம்.

வேலையில் இருக்கும்போதே குற்றச்சாட்டு மெமோ நிலுவையில் இருந்தால், ராஜினாமா கொடுத்ததோடு நிறுத்தாமல், அதை ஏற்றுக்கொண்ட கடிதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே ஆலையை விட்டு வெளியே வாருங்கள்.

கிராஜுவிட்டி, பி.எஃப்., வி.ஆர்.எஸ். பணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கிராஜுவிட்டி கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி ஒரு முழு வருடமாகச் சேரும். அடிப்படையும் பஞ்சப்படியும் 32,000 ரூபாய், சர்வீஸ் 18 வருடம் 5 மாதம் என்றால் 3,32,307 ரூபாய். அதே ஆள் இரண்டு மாதம் கழித்து விலகினால் 19 வருடக் கணக்கு, 3,50,769 ரூபாய். தேதியைப் பார்த்து விலகுங்கள். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மூலம் மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். அதை உடைத்தால் 58 வயதில்தான் வலி தெரியும். மாற்றும்போது வழக்கமாக மாட்டுவது, பழைய முதலாளி வேலை விட்ட தேதியைப் பதிவேற்றாமல் விடுவது. கடைசி சம்பளம் வந்த கையோடு அதைச் செய்யச் சொல்லுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கி 5 லட்சம் வரை வரிவிலக்கு பெற்றவர்கள், அதே நிர்வாகத்தின் கீழ் உள்ள இன்னொரு கம்பெனியில் சேரக் கூடாது. பெரிய குழுமங்கள் பலவற்றுக்கும் சோலார் பிரிவு இருக்கிறது. "நம்ம க்ரூப்லேயே போட்டுத் தர்றோம்" என்று சொன்னால் இந்த நிபந்தனையைக் கணக்கில் எடுங்கள்.

சி.டி.சி. 6 லட்சம் என்கிறார்கள். மாதம் 50,000 வருமா?

வராது. சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000. முதலாளியின் பி.எஃப். பங்கு வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவீதம், 14,430. செயல்திறன் ஊக்கத்தொகை என்று 10 சதவீதம், 60,000. இது வருட முடிவில் வந்தால் உண்டு. இவற்றைக் கழித்தால் 4,89,570. மாதத்துக்கு 40,797. உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போனால் கையில் சுமார் 37,800, அதிலும் தொழில் வரி கழியும். இப்போது ஆலையில் வாங்கும் சம்பளத்தோடு கேன்டீன், பஸ், போனஸ், ஒப்பந்தப்படி ஏறும் பஞ்சப்படி ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பிடுங்கள். பழைய ஒப்பந்தங்கள் உள்ள ஆலைகளில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் மிகக் குறைவாக வரலாம், நஷ்டமாகவும் வரலாம்.

சம்பளத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில் உறவுகள் தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் "தொழிலாளி" ஆக மாட்டார். மேலாளர் பணியில் உள்ளவர் எவ்வளவு வாங்கினாலும் ஆக மாட்டார். நாளைக்கு உங்களை நிறுத்தினால் தொழில் தகராறு எழுப்ப முடியாது. ஆஃபர் லெட்டரில் உள்ள நோட்டீஸ் காலச் சம்பளம்தான் கிடைக்கும். அதனால் நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் மூன்று மாதம் என்று எழுத வையுங்கள். அடுத்தவர்களுக்காகப் பேரம் பேசியே பழகியவர்கள் சொந்த விஷயத்தில் கூச்சப்படுவது வழக்கம். கூச்சப்படாதீர்கள்.

சங்க அனுபவத்தை பயோடேட்டாவில் எழுதலாமா, மறைக்கலாமா?

எழுதுங்கள். ஓசூரில் மனிதவள அதிகாரிகள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும். மறைத்தது ஒரே போன் காலில் வெளியே வரும். பதவிப் பெயரோடு நிறுத்தாமல், செய்த வேலையை எழுதுவதுதான் பலன் தரும். "பொதுச் செயலாளர், 8 ஆண்டுகள்" என்பது அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. எத்தனை தொழிலாளர்களுக்கான எத்தனை வருட ஒப்பந்தம், அதில் சம்பளக் கணக்கை யார் போட்டது, எத்தனை மாதத்தில் முடிந்தது. பாதுகாப்புக் குழுவில் நீங்கள் பதிவு செய்த குறைகள் எத்தனை, அதில் எத்தனை சரிசெய்யப்பட்டன. உள்விசாரணைகளில் எத்தனை பேருக்குத் துணையாக ஆஜரானீர்கள். இப்படி எழுதினால் எதிரில் இருப்பவருக்குப் புரியும். உறுப்பினர்களின் பெயரோ வழக்கு விவரமோ வேண்டாம்.

நேர்காணலில் "ஸ்ட்ரைக் நடத்தியிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். நடத்தியிருந்தால் ஆமாம் என்று சொல்லி, நோட்டீஸ் கொடுத்தது, சமரச அதிகாரி முன் பேசியது, எப்படி முடிந்தது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். அதற்காகவே எடுக்காத கம்பெனியில், சேர்ந்தாலும் நீங்கள் நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

என்ன படிக்க வேண்டும்?

கையில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் சான்று இருந்தால் சூர்யமித்ரா பயிற்சி ஏற்றது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் வடிவமைத்த, 600 மணி நேர அளவில் தொடங்கிய திட்டம் அது. காற்றாலைக்கு சென்னையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் வாயுமித்ரா பயிற்சி தருகிறது.

பாதுகாப்பு அதிகாரி என்ற பதவிக்கு அனுபவம் மட்டும் போதாது. பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, அதன் மேல் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவும் வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டல தொழிலாளர் நிறுவனம் ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. விளம்பரம் செய்யும் எல்லா "சேஃப்டி கோர்ஸ்" சான்றும் அரசு ஏற்கும் சான்று இல்லை. பணம் கட்டும் முன் ஓசூர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேளுங்கள். தகுதி இல்லாதவர்கள் சைட் பாதுகாப்பு மேற்பார்வையாளராகத் தொடங்கலாம்.

தொழிலாளர் உறவுப் பக்கம் போகிறவர்களுக்கு, தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் வார இறுதித் தொழிலாளர் சட்ட டிப்ளமோ பொருத்தமானது. சட்டம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சான்றிதழ்தான் குறை.

சோலார் சைட்டில் அப்படி என்ன ஆபத்து? மிஷின் ஷாப்பில் இல்லாததா?

மிஷின் ஷாப்பில் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டால் இயந்திரம் செத்துவிடும். பேனலை அப்படிச் சாகடிக்க முடியாது. வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும். பேனலின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தினாலும், பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கேபிளில் முழு மின்னழுத்தம் நிற்கும். இந்த ஒரு விஷயம் பழைய எலக்ட்ரீஷியனுக்குக் கையில் படிய மாதக்கணக்காகும்.

அடுத்தது, டி.சி. வளைவுத் தீ. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அது கிடையாது. பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் மின்னோட்டம் ஓடும்போது பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்து இணைப்பைத் துண்டித்து, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வேறு வேறு கம்பெனி கனெக்டர்களை ஜோடி சேர்ப்பதும், கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சில மாதத்தில் உருகி எரியும். ஒரு கூரையில் தீ பிடித்தது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த இணைப்புகள்தான்.

மூன்றாவது, எங்கள் ஊர்க் குளிர். 550 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் ஓடாதபோது இருப்பது) 50 வோல்ட் அளவில் இருக்கும். அது 25 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு. ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.27 சதவீதம் கூடும். 20 பேனலைத் தொடராக இணைத்தால் காகிதத்தில் 1,000 வோல்ட். மார்கழி விடியலில் ஓசூரில் 10 டிகிரி என்றால் அது 1,040 வோல்ட். 1,000 வோல்ட் வரம்புள்ள இன்வெர்ட்டர் அன்றைக்குப் பழுதாகலாம். 18 பேனல் போட்டால் 936 வோல்ட், கவலை இல்லை. சமவெளி ஊருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே ஓசூருக்குக் கொண்டுவந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள்.

உயிரை அதிகம் பறிப்பது மின்சாரமாக இருக்க வேண்டியதில்லை, கூரையே பறிக்கும். பழைய ஷெட்டுகளில் வெளிச்சத்துக்காக இடையிடையே பிளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பார்கள். பல வருட வெயிலில் அது அப்பளமாகி, மேலே தூசி படிந்து பக்கத்து இரும்பு ஷீட்டின் நிறத்துக்கே வந்துவிடும். பேனலைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அப்படித்தான். வேலை தொடங்கும் முன் கீழே நின்று பார்த்து, வெளிச்சம் வரும் ஒவ்வொரு ஷீட்டையும் மேலே பெயின்ட் அடித்துக் குறிக்க வேண்டும். நடக்கப் பலகைப் பாதை, நீளவாக்கில் லைஃப்லைன் கயிறு, உடல் முழுவதும் பிடிக்கும் ஹார்னஸில் இரட்டைக் கொக்கி, கீழே வலை. ஒரு கொக்கியைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். ஹார்னஸ் கொடுத்துவிட்டு, மாட்டுவதற்குக் கயிறு கட்டாத சைட்டில் வேலையை நிறுத்துங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

பேனல் கழுவுவதும் ஒரு வேலைதான். தருமபுரி மாவட்டத்தின் போர்வெல் தண்ணீர் உப்பும் ஃபுளோரைடும் கலந்தது. அப்படியே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்து மின்சாரம் குறையும். மென்னீராக்கிய தண்ணீர் வேண்டும். விடியலிலோ அந்தி சாய்ந்த பிறகோதான் கழுவ வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

45 வயதில் காற்றாலை டவர் ஏற முடியுமா?

உடல் இடம் கொடுத்தால் முடியும். ஆனால் ஏறுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளும் வயது அது இல்லை. ஜி.டபிள்யூ.ஓ. (உலகக் காற்றாலை நிறுவனங்களின் அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புச் சான்று கேட்பார்கள்: முதலுதவி, பளு தூக்குதல், தீ, உயரத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் டவரை விட்டுவிட்டு சோலாருக்கே போங்கள்.

"கம்பெனிக்காரன் ஆயிட்டான்" என்று தோழர்கள் பேசுகிறார்களே?

பேசுவார்கள். பதில் பேச்சில் இல்லை, நீங்கள் எதைச் செய்ய மறுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பழைய ஆலையின் சங்க விஷயங்களைப் புது நிர்வாகத்திடம் சொல்லாதீர்கள். சங்கம் அமைக்க முயன்றவர்களின் பட்டியலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். தெரிந்த தொழிலாளியின் விசாரணையில் நிர்வாகப் பிரதிநிதியாக உட்காராதீர்கள். இந்த மூன்றையும் சேரும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத கம்பெனி உங்களை எதற்காகத் தேடியது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சொந்தமாகக் கூரை சோலார் தொழில் தொடங்கலாமா?

கிராஜுவிட்டிப் பணம் முழுவதையும் போட்டுத் தொடங்காதீர்கள். வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது வேலை முடிந்து, மின்வாரியம் பார்வையிட்டு, நெட் மீட்டர் (வாங்கும், கொடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடுவது) மாட்டிய பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகும். "மானியம் வந்ததும் தர்றேன்" என்பவர்களிடம் உங்கள் பணம் மாட்டும். ஐந்து வீடு அப்படி நின்றால் முதல் காலி. மின் உரிமம் உள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, முன்பணத்துக்கு வேலை செய்யுங்கள்.

நிர்வாகப் பக்கம் போகாமல், சங்கமாகவே இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா?

முடியும். இந்தத் துறைக்கு அதுதான் அவசரத் தேவை. பேனல் கழுவுபவர், புல் வெட்டுபவர், காவலாளி, கேபிள் இழுப்பவர் எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆள்கள். ஒரு சைட்டில் எட்டுப் பேர், அடுத்த சைட்டில் பன்னிரண்டு பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பி.எஃப்.புக்கு 20 பேர், ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேர், ஒப்பந்தக்காரர் உரிமத்துக்குப் புதுத் தொகுப்பில் 50 பேர் என்று எண்ணிக்கை வரம்பு இருப்பதால், ஒரே ஒப்பந்தக்காரர் பெயரைப் பிரித்து ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டுவது சுலபம்.

எனவே சைட் வாரியாகத் தொடங்காதீர்கள். ஒரே ஒப்பந்தக்காரரின் எல்லா சைட்டுகளையும் சேர்த்துத் தொடங்குங்கள். முதலில் சேகரிக்க வேண்டியது கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ, வங்கியில் சம்பளம் வந்த பதிவு. ஒரே ஆள் மூன்று பெயரில் ஒப்பந்தம் எடுத்திருந்தால் வங்கிப் பதிவில் தெரியும். பதிவுக்குக் குறைந்தது 7 பேர் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் உள்ளவர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். வெளியாள்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கோ ஐந்து பேரோ, எது குறைவோ அதுவரை இருக்கலாம். நீங்கள் அந்த இடத்தில் வரலாம். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால் முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும். அதனால் முதல் மனுவிலேயே ஒப்பந்தக்காரரோடு நிலையத்தின் உரிமையாளர் கம்பெனியையும் சேர்த்து, இரண்டு பேருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.